அப்பாவின் பானையும் சொட்டுநீரும்

ஆழ்துளைக் கிணறு வற்றியதும் எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தை மூடிவிடலாம் என்றார்கள். கடைசி முயற்சியாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டோம்.

இஸ்ரேலின் நீர்ப் பொறியாளர் சிம்கா பிளாஸ், கசியும் குழாயருகே ஒரு மரம் மட்டும் செழித்திருந்ததைக் கவனித்தாராம். ஊசித்துளை வைத்தால் மண் அடைத்துக்கொள்ளும். அதனால் நீரை நீண்ட சுருள்பாதையில் ஓடவிட்டு வேகத்தைக் குறைத்தார். 1965-இல் ஹட்ஸெரிம் கூட்டுப்பண்ணையுடன் ஒப்பந்தம் செய்து அதைத் தொழிலாக்கினார்.

குழாய் மாட்டும்போது அப்பா நினைவு வந்தது. கோடையில் தென்னங்கன்றருகே மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகுவார். "இதில் என்னப்பா வேர் நனையும்?" என்று கல்லூரி படித்த நான் சிரித்தேன். கன்றுகள் பிழைத்தன.

இன்று எங்கள் தோட்டத்து வெண்டை பூத்திருக்கிறது. சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வழியில்லை.