திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செங்கல்பட்டு வட்டாரத்தின் வரலாறு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு மாமல்லபுரம்தான் நினைவுக்கு வருகிறது. அர்ச்சுனன் தபசுப் பாறையில், எலும்பும் நரம்புமாக ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசியைக் காண்கிறோம். அதே பாறையில் அதே பாவனையில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் கண்டு புன்னகைக்கிறோம். ருத்திராட்சப் பூனை என்று நாம் வழக்கில் சொல்வதற்குப் பல்லவச் சிற்பி தந்த கல்லுருவம் அது. நோன்பும் நோன்பின் வேடமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை அந்தப் பாறை சொல்கிறது.

கிறித்தவத் தலைவர்களின் சுயவளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் அதிகாலை ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம் ஆகிய பழக்கங்களையே முதலில் குறிப்பிடுவர். இவை வேண்டியவையே. ஆனால் ஒரு பழக்கம் மனிதனை உள்ளிருந்து மாற்றுகிறதா, அல்லது அவனுக்கு ஒரு பாவனையை மட்டும் கற்றுத் தருகிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது? இக்கேள்விக்குரிய விடை ஒன்று செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1947ஆம் ஆண்டில் இருக்கிறது.

திருமணியில் அப்போது இயங்கிவந்தது லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை. ஸ்காட்லாந்து திருச்சபையின் தொண்டோடு பிணைந்து வளர்ந்த நிலையம் அது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். 1899இல் சீனாவில் மிஷனரிக் குடும்பமொன்றில் பிறந்த அவர், நீரடிமுத்து எண்ணெயைத் தவிர வேறு மருந்து ஏதும் பெரிதாக இல்லாத காலத்திலேயே இந்நோயைத் தம் வாழ்நாள் பணியாக வரித்துக்கொண்டவர். 1940களில் சல்போன் மருந்துகளை இந்தியாவில் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் அக்காலத்தில் அவர் ஏற்றிருந்தார். லண்டனிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவரை வேலூருக்கு வரவழைத்தவரும் அவரே.

பிராண்ட் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் அம்மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின் முதுமையிலும் மலைக் கிராமங்களில் ஊழியம் செய்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் பிராண்ட் தச்சும் கொத்தும் சில ஆண்டுகள் பயின்றிருந்தார். மிஷன் பணிக்குக் கட்டடத் தொழில் உதவும் என்று எண்ணிக் கற்ற அந்தக் கைத்தொழில், பின்னாளில் வேறு விதத்தில் பயன்பட்டது.

காக்ரேனுடன் திருமணியைச் சுற்றிப் பார்த்த பிராண்டின் கண்கள் நோயாளிகளின் மடங்கிய விரல்களையே நாடின. இவை ஏன் இப்படி ஆகின்றன என்று அவர் கேட்டார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பும் தசையும் அறிந்த நீரே விடை சொல்ல வேண்டும் என்றும் காக்ரேன் பதிலளித்தார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் இளையவரிடம் தம் அறியாமையை ஒப்புக்கொண்ட அந்த நொடியை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. சற்று நேரத்தில், செருப்பைக் கழற்றச் சிரமப்பட்ட ஓர் இளைஞனின் கையில் பிராண்ட் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அந்தக் கையில் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. சில முழு வலிமையோடு இருந்தன. அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறை வேலூரில் உருவாவதற்கு இதுவே தொடக்கமாயிற்று.

ஆனால் சீர்பெற்ற கைகளிலும் புண்கள் தோன்றின. பட்டறையில் நோயாளிகளோடு அமர்ந்து வேலை செய்தபோதுதான் காரணம் புலப்பட்டது. தாம் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் எளிதாகத் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும் பிராண்ட் கண்டார். அவனுக்கு வலிக்கவில்லை. தொழுநோய் விரல்களை அழுகச் செய்கிறது என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. விரல்களை அழித்தவற்றுள் முதன்மையானவை வலி உணராமையால் நேரும் அன்றாடக் காயங்களும் அவற்றைத் தொடரும் தொற்றுமே.

ஆகவே மருந்துக்கும் கத்திக்கும் நிகராக ஒரு பழக்கம் தேவைப்பட்டது. நாள்தோறும் கைகால்களைக் கழுவி, உற்று நோக்கி, சிறு சிவப்பையும் புறக்கணியாதிருக்கும் பழக்கம். பந்தியிலிருந்து எழுந்து சீடர்களின் கால்களைக் கழுவிய குருவைப் போற்றும் சமயத்தில், பிறர் பாதங்களைக் குனிந்து பார்ப்பது புதிய நெறியன்று. ஆண்டுக்கொரு முறை ஆலயத்தில் நடக்கும் சடங்கு இங்கே அன்றாட வேலையாயிற்று. ஒரு நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டு, நோய் தொற்றிவிட்டதோ என்று பிராண்ட் ஓர் இரவு முழுவதும் அஞ்சினார். மறுநாள் ஊசி குத்தி வலித்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சி, தம் நோயாளிகள் இழந்தது எது என்பதை அவருக்கு உணர்த்தியது. வலியை ஒரு கொடையாக அவர் பிற்காலத்தில் எழுதியதன் வேர் இங்குள்ளது.

மிஷன் தொண்டின் உள்நோக்கங்களைக் குறித்து ஐயங்கள் எழுப்பப்படுவதுண்டு. எழுப்பப்பட வேண்டியவையே அவை. எனினும் இந்த வரலாற்றில் கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்று பிரிப்பது எளிதன்று. தங்கள் கைகளைக் காட்டி, தங்கள் நாட்களை விவரித்த நோயாளிகளுக்கு அக்கண்டுபிடிப்பில் சரிபாதி உரிமை உண்டு. திருமணி நிலையம் 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. நோய்க்கு மருந்து வந்த பின்னும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்ட விதிகள் நம் நாட்டில் 2019இல்தான் நீங்கின. உணர்ச்சியின்மை நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று.

வேலூர் நோயாளிகள் சிலரின் விரல்கள் இரவோடிரவாகக் குறைந்தது ஏன் என்று ஆராய்ந்தபோது, உறக்கத்தில் எலிகள் கடித்ததே காரணம் என்று தெரிந்தது. அதன்பின் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வீடு திரும்புவோர் ஆளுக்கொரு பூனையைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது விதியாயிற்று. மாமல்லபுரத்துப் பூனை தவம் செய்வதுபோல் நிற்கிறது. வேலூர்ப் பூனைகள் எந்தப் பாவனையும் இன்றி, உணர்விழந்த விரல்களுக்கு அருகே இரவெல்லாம் விழித்திருந்தன.