பழைய கம்ப்யூட்டரும் லினக்ஸும்

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. "இனி புதுசுதான் வாங்கணும் சார்" என்றார் கடைக்காரர். ஓய்வூதியத்தில் அதற்கு வழியில்லை. காலஞ்சென்ற என் மனைவியின் படங்கள் எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

"லினக்ஸ் போட்டுப் பாருங்க மாமா" என்றான் தங்கை மகன். எனக்கோ பயம். படங்கள் போய்விட்டால்?

அதன் வரலாற்றையும் அவன்தான் சொன்னான். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற கொள்கையோடு 1983-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். அதற்கு மையமான கெர்னல் மட்டும் தயாராகாமல் இருந்தது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய கெர்னல் அந்தக் குறையைத் தீர்த்தது. மறு ஆண்டே அதை க்னூ உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். ஆனாலும் வெகுநாள் அது விவரம் தெரிந்தவர்களின் சமாசாரமாகவே இருந்தது. 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியில் உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கு சிடியைத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள். சாதாரணமானவர்களும் துணிந்து தொட ஆரம்பித்தார்கள்.

முதலில் படங்களை நகலெடுத்தோம். பிறகு எடை குறைந்த லுபுண்டுவைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். ஹார்டு டிஸ்கைத் தொடவில்லை. திரை, சத்தம், தமிழ் எல்லாம் சரியாக வந்த பிறகே நிறுவினோம். பிரிண்டர் மட்டும் பத்து நாள் முரண்டு பிடித்தது.

அதன்பின் ஆறு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் உழைத்தது. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மாற நினைப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: முதலில் நகல், பிறகு சோதனை, கடைசியில்தான் நிறுவுதல்.