உடலுள் பொருத்தும் உலோகங்களின் அரிமானத் தடை

முறிந்த எலும்பைப் பிணைக்கும் தகடு, திருகாணி, செயற்கை மூட்டு முதலியனவாக மனித சரீரத்தினுள் பொருத்தப்படும் உலோகக் கலவைகள், உடல் திரவங்களால் அரிக்கப்படாது நிலைத்திருக்கும் இயல்பு. புதுச்சேரியில் மாசிமகத் தீர்த்தவாரி நிகழும் வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் சன்னல் கம்பிகள் எத்தனை விரைவில் துருவேறுகின்றன என்பதைக் கண்டவர்க்கு, உப்பிலுள்ள குளோரைடு இரும்புக்கு இழைக்கும் கேட்டை விளக்க வேண்டுவதில்லை. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு, இரத்தத்துக்கு ஒத்த உப்புக் கரைசலிலோ 0.9 பங்கே. ஆயினும் 37 பாகை வெப்பத்தில், துடைப்பாரும் வர்ணம் பூசுவாருமின்றி, ஆண்டுக்கணக்கில் அதில் ஊறிக் கிடப்பது உலோகத்துக்கு எளிதன்று.

இவ்வுலோகங்களைக் காப்பது அவற்றின் கடினமன்று. பிராணவாயுவுடன் கூடி மேற்பரப்பில் தானே உண்டாகும், சில நானோமீட்டரே கனமுள்ள ஆக்சைடு படலம். டைட்டானியத்தில் அது கீறுண்ட கணமே மீண்டும் மூடிக்கொள்கிறது. 316 எல் வகை எவர்சில்வரிலோ, குரோமியம் படலத்தை அமைக்க, மாலிப்டினம் குழியரிப்பைத் தடுத்தாலும், திருகாணியின் தலை தகட்டில் அமரும் இடுக்கில் பிராணவாயு குன்றி, குளோரைடு செறிந்து, அமிலம் பெருகுகிறது. நடக்கும்போது நேரும் நுண்ணிய உராய்வும் சேரவே படலம் உடைகிறது. கழற்றிய தகடுகளைப் பார்த்தால், பளபளப்பு மாறாத உடலும், திருகாணித் துளையின் விளிம்பில் மட்டும் மங்கிய அரிப்பும் காணப்படுவது இதனாலேயே. கரைந்து வெளிப்படும் நிக்கல், குரோமிய அயனிகள் சிலருக்கு ஒவ்வாமையையும் அழற்சியையும் விளைவிக்கும்.

மேற்பரப்புச் சிகிச்சைகளுள் பழமையானது நைட்ரிக் அமிலக் குளிப்பு. கடைசலில் ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்து, படலத்தில் குரோமியத்தை மிகுவிக்கிறது. டைட்டானியத்தை நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்தினால் படலம் தடித்து, மின்னழுத்தத்துக்கேற்பப் பொன்னிறமும் நீலமும், சாயம் எதுவுமின்றியே, தோன்றும். டைட்டானியம் நைட்ரைடு, ஹைட்ராக்சிஅபடைட் பூச்சுகளும் வழக்கிலுண்டு. ஆனால் கெட்டியான பூச்சில் ஊசிமுனைத் துளை ஒன்று நேர்ந்துவிட்டால், அரிப்பு முழுதும் அங்கே குவிவதால், குறையுள்ள பூச்சைவிடப் பூச்சின்மையே சில வேளை மேல்.

தமிழகத்தில் அரிமான ஆய்வுக்கு, அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து 1953இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் பேர்பெற்றது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் காமாட்சி முதலி, ஸ்ரீதர், பல்தேவ் ராஜ் ஆகியோர் உடலுட்பொருத்திகளின் அரிமானம் குறித்து 2003இல் ‘சாதனா’ இதழில் விரிவான கட்டுரை வரைந்தனர். அணு உலையின் எஃகை ஆராய்வோர் எலும்புத் தகட்டுக்கு வந்தது வியப்பன்று. இரண்டிலும் பகைவன் குளோரைடே.

சோதனைச் சாலையில், உப்புக் கரைசலில் உலோகத்தை இட்டு, படலம் உடையுமளவும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி அளக்கின்றனர். அக்கரைசலில் புரதமில்லை, உயிரணுவில்லை, நடையுமில்லை. ஆதலின் அந்த எண் ஓர் உலோகத்தை மற்றொன்றோடு ஒப்பிட உதவுமேயன்றி, உடலினுள் அதன் ஆயுளைக் கணித்துரைக்காது.