கங்காரு வாலும் கிண்டி ஆய்வகமும்

டாக்டர் பட்டம் வாங்குவது ஒரு கஷ்டம்னா, அதுக்கப்புறம் "என்னோட கேள்வி எது?"ன்னு கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். ஜி.என். ராமச்சந்திரன் விஷயத்தில் அந்தக் கேள்வி வெளியே இருந்துதான் வந்தது.

1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் சி.வி. ராமன். அவரிடம் படிக ஒளியியலும் எக்ஸ்-கதிரும். பிறகு கேம்பிரிட்ஜில் வூஸ்டரிடம் 1949-இல் இன்னொரு டாக்டர் பட்டம். அதுவும் படிகங்கள்தான். 1952-இல் ராமனின் சிபாரிசில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அழைத்தது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதை ஒட்டி. பதவி கையில் இருக்கு, எதை ஆராய்வது?

அந்தச் சமயம் சென்னை வந்த ஜே.டி. பெர்னால், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜென் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது நல்லதாப் போச்சு. நல்ல எக்ஸ்-கதிர்ப் படம் கிடைத்ததோ, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வாலின் தசைநாணில்! 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் கொண்ட அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அடுத்த வருஷமே அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாகத் திருத்தினார்.

இங்கேதான் அடி விழுந்தது. மூன்று இழை சரி, ஆனால் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவு நெருங்கி இருக்கின்றன என்றார்கள் கிரிக்கும் ரிச்சும். ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டல்ல, ஒன்றுதான் என்பதும் அவர்கள் வாதம். பிணைப்புக் கணக்கில் பின்னாளில் பெரும்பாலோர் அவர்கள் பக்கம்தான் சாய்ந்தார்கள். இதை மறைத்துவிட்டு ராமச்சந்திரனைப் புகழ்கிற கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஏன்னா, அவர் அடுத்துச் செய்ததுதான் சுவாரசியம்.

'நெருக்கம்னா எவ்வளவு நெருக்கம்?' அதுவரை தெரிந்த படிக அமைப்புகளில் இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்ட வருகின்றன என்று தேடித் தொகுத்தார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடியவை முக்கியமாக இரண்டு கோணங்கள். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாது என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்குப் போட்டு, 1963-இல் ஒரே படமாக வரைந்தார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் புதுப் புரத அமைப்பு ஒன்று வந்தால், சரியா இருக்கான்னு பார்க்க அதில்தான் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள்.