வசூலும் நிலைபேறும்

தமிழ்த் திரையில் செவ்வியல் தகுதி, அதாவது வெளிவந்த காலத்தைக் கடந்தும் ஒரு படம் விரும்பிப் பார்க்கப்படும் நிலை, முதல் வார வசூலைக் கொண்டு அமைந்ததில்லை. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, பாடலோ நடனமோ சண்டையோ இல்லாமல், 1943இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய சூழலில் நிகழும் வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலையை, ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் விவரிக்கும் உத்தியால் விரித்துக் காட்டியதோடு, சிவாஜி கணேசனைத் தேசத்துரோகியாகவும் நிறுத்தியது. பாட்டில்லாத படத்தை அன்றைய ரசிகர்கள் ஏற்காததில் வியப்பில்லை. 2003இல் திரையரங்குகளில் தோற்ற ‘அன்பே சிவ’த்தைத் தொலைக்காட்சியே அடுத்த தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது.

அண்மைப் படங்களுள் இத்தகைய நிலைபேற்றுக்கு உரியதாக லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) முதலில் சொல்லலாம். காணி நிலத்துக்காக மலையேறிச் சுமை தூக்கும் ரங்கசாமி இறுதியில் காற்றாலைக் காவலாளியாவதை, அழுகையோ வசனமோ கூட்டாமல் அது சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ இதற்குச் சற்றும் குறைந்ததன்று. எனினும் வெளியானபோதே பரவலாகப் பாராட்டப்பட்டதால், மறுகண்டுபிடிப்புக்குக் காத்திருக்கும் தேவை அதற்கு நேரவில்லை.