கைப்பிடியா, சுவிட்சா? செல்ஃப் ஸ்டார்ட்டரின் தோற்றம் பற்றிய மறுவாசிப்பு

டெட்ராய்ட் நகரின் பெல் ஐல் பாலத்தில் நின்றுபோன ஒரு காடிலாக் வண்டியைக் கிளப்பப் போன கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர், கைப்பிடி திருப்பி அடித்ததில் தாடை உடைந்து, பின்னர் இறந்துபோனார். அந்தத் துயரமே காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்டைப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கிடம் கொண்டுபோனது. செல்ஃப் ஸ்டார்ட்டர் பற்றிய எழுத்துகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்த பத்தியிலேயே அவை மோட்டாருக்குத் தாவிவிடும்: சிறிய மோட்டார் சில விநாடிகளுக்கு அளவுமீறிய சுமையைத் தாங்கும் என்று கெட்டரிங் உணர்ந்தார், வேலை முடிந்தது. இந்த வரிசையில் சுவிட்சுக்கு இடமே இல்லை. அதுதான் இதன் பெருங்குறை என்பது என் வாதம்.

முதலில் அந்தக் கதை. லீலண்டின் மருமகள் எழுதி 1966இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பிரிசிஷன்’ நூலில் உள்ளது உட்பட, அது லீலண்ட் குடும்பத்தின் நினைவிலிருந்து வருவது. நிகழ்ச்சியைப் பெரும்பாலும் 1910 பனிக்காலத்தில் வைக்கிறார்கள். ஆனால் கார்ட்டர் இறந்தது 1908 ஏப்ரலில். விபத்தே நடக்கவில்லை என்று சொல்ல நான் துணியவில்லை. நினைவு இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கியிருக்கலாம். ஆனால் கதையை அப்படியே ஏற்றாலும் அது காட்டும் காரணம் வேறு. கைப்பிடி ஏன் திருப்பி அடிக்கிறது? ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் நெம்புகோல் பின்னுக்குத் தள்ளப்படாமல் இருந்தால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே எரிபொருள் பற்றி, அதைக் கீழே உதைக்கிறது. மின்சாரம் எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும், எந்தக் கணத்தில் அறுபட வேண்டும் என்பதே இங்கே கேள்வி. அது சுவிட்சின் கேள்வி.

கெட்டரிங் காடிலாக்கிற்குள் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். ஸ்டார்ட்டருக்கு முன்பே, 1910 மாடல் வண்டிகளுக்கு அவர் தந்தது இக்னிஷன் ரிலே. அதுவரை அதிரும் தொடுமுனை பொறிகளைச் சரமாரியாகச் சிந்தி உலர் மின்கலங்களைத் தின்றுகொண்டிருந்தது. ரிலேயோ ஒரு வெடிப்புக்கு ஒரே பொறி என்று ஒழுங்குபடுத்தியது. கதை கண்டுகொள்ளாத ஆண்டுகளை நிரப்புவது இந்த வேலைதான்.

1912 காடிலாக்கில் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் தந்த அமைப்பில் ஒரே இயந்திரம் மோட்டாராகவும் டைனமோவாகவும் இருந்தது. துவக்கத்துக்கு மின்கலத் தொகுதிகள் தொடர் இணைப்பில் 24 வோல்ட். மின்னேற்றத்துக்கும் விளக்குக்கும் பக்க இணைப்பில் 6 வோல்ட். ஓட்டுநர் பொத்தானை அழுத்தி கிளட்ச் மிதியை அழுத்தினால் பல்சக்கரம் ஃபிளைவீலில் பொருந்தி எஞ்சின் சுழலும். ஒரே திறனுக்கு 24 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் 6 வோல்ட்டில் பாய்வதில் கால்பங்குதான். தொடுமுனைகள் கருகாமல் பிழைத்ததில் இதற்குப் பங்குண்டு. அதற்குக் கொடுத்த விலை, இணைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும் சிக்கலான சுவிட்ச். பின்னாளில் 6 வோல்ட் ஒன்றே போதும் என்றானதும் அந்தச் சுவிட்ச் மறைந்தது. மறைந்ததாலேயே வரலாற்றில் அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று என்று கருதுகிறேன்.

மோட்டார்தானே அடிப்படை என்பார்கள். ஆனால் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கெட்டரிங் பணப்பெட்டிக்கு மோட்டார் பொருத்தியபோதே குறுகிய நேரச் சுமை பற்றிய அறிவு அவர் கையில் இருந்தது. எனவே 1911இல் புதிதாகத் தேவைப்பட்டது அதுவன்று.

சுவிட்சின் எடையை உணர நாமக்கல் சமவெளியின் பட்டறை போதும். ஜேடர்பாளையம் வட்டாரத்தில் கரும்பு ஏற்றும் வண்டி ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தமிட்டு, செல்ஃப் எடுக்கவில்லை என்றால், பேட்டரி நன்றாக இருக்கும் பட்சத்தில் மெக்கானிக் பார்ப்பது சோலினாய்டு சுவிட்சின் செம்புத் தட்டை. பொறி கடித்துக் குழிவிழுந்த முகம் ஒரு பக்கமும், வழவழப்பான முகம் மறுபக்கமும் இருக்கும். தட்டைப் புரட்டிப் போட்டாலே பல நேரம் வண்டி கிளம்பிவிடும். மோட்டாரில் யாரும் கைவைப்பதில்லை. லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடரில் இணைப்பதும் மின்னோட்டத்தைக் குறைக்கும் அதே கணக்குத்தான்.

லண்டன் ராயல் ஆட்டோமொபைல் கிளப் காடிலாக்கிற்கு 1912க்கான டீவார் கோப்பையைத் தந்தபோது துவக்கம், இக்னிஷன், விளக்கு மூன்றையும் சேர்த்தே கணக்கில் கொண்டது. ஒரே மின்கலத்தை மூன்று வேலைக்கும் பகிர்ந்தளித்த பகுதி எது என்ற கேள்வியைப் பின்வந்த ஆய்வாளர்கள் கேட்டிருந்தால், பாலத்து விபத்துக்கு இத்தனை பக்கம் செலவாகியிருக்காது.