புள்ளி வைத்தவர் பெயர்

கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் படமெடுக்கிறார்கள். வாசல் கோலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். மதியத்துக்குள் அரிசி மாவு எறும்புக்கும் காலடிக்கும் போய்விடும். போட்டவர் யார் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது.

இணையதளம் வடிவமைக்கப் பழகும் மாணவிகள் மாதிரி தேடி வேறு இணையதளங்களையே புரட்டுகிறார்கள். திரையைக் கட்டங்களாகப் பிரித்து, எழுத்தையும் படத்தையும் இடைவெளி பார்த்து அடுக்குவதுதான் அந்த வேலையின் அடிப்படை. நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று முடிவு செய்து, இடத்தை அளந்து, புள்ளி வைத்த பிறகே இழை இழுத்த நம் ஆச்சிகளுக்கு இது தெரிந்த வித்தை. ஐந்து புள்ளிக் கோலத்தை வாசல் அகலத்துக்கு ஏற்ப ஒன்பதாக வளர்க்கவும் அவர்களுக்குத் தெரியும்.

கணினியியல் இதை எப்போதோ கவனித்துவிட்டது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோல வடிவங்களைக் கணித இலக்கண விதிகளால் விளக்கி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். ஆய்வாளர்களின் பெயர்கள் வரலாற்றில் நின்றுவிட்டன. தலைமுறை தலைமுறையாகக் கோலத்தை வளர்த்த பெண்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

கோலம் விடியுமுன் எழுந்து செய்தாக வேண்டிய, கூலியில்லாத வேலையாகவும் இருந்தது. அதை மறந்துவிட்டு அழகை மட்டும் திரைக்கு எடுத்துச் சென்றால் அதுவும் சுரண்டல்தான். ஆச்சியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு கோலத்தை எடுக்கிறீர்களா? பக்கத்தின் அடியில் முதலில் அவர் பெயரை எழுதுங்கள், பிறகு உங்கள் பெயரை.